ஒரு நோட்டீஸ், ஒரு வரத்துக்கால், கோட்டையூர் ரோஜா முத்தையா

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. காரைக்குடிக்காரர்களுக்குத் தண்ணீர் இல்லாத கஷ்டம் தெரியும், தண்ணீர் நிற்கிற கஷ்டம் அவ்வளவு பழக்கமில்லை. மூன்றாம் வீட்டு ஆச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடி, "எங்க காலத்துல மழ விட்டு ஒரு நாழியில தெரு காஞ்சு கெடக்கும் தம்பி, தண்ணி எல்லாம் ஊருணிக்குப் போயிரும்" என்றார்.

அதை அப்படியே எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். போட்டது தப்பாகப் போச்சு. ஒருத்தர், "ஆமா, கடைசி வீட்டுக்குப் பின்னாடி வரத்துக்கால் ஒண்ணு இருந்துச்சு, நானே அதுல கப்பல் விட்டிருக்கேன்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். இன்னொருத்தர், "அண்ணே, சும்மா கதை விடாதீங்க. எங்க அய்யா காலத்துலேர்ந்து அது மனைதான்" என்றார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் மூடினாங்க என்று ஒரு கட்சி, அதுக்கும் முன்னாடியே தூர்ந்து போச்சு என்று ஒரு கட்சி, கால்வாயே கிடையாது என்று ஒரு கட்சி. இரவு பதினொரு மணி வரை 140 மெசேஜ். ஆதாரம் என்று சொல்ல ஒருத்தரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஒரு பிழை வந்தால் முதலில் பார்ப்பது லாக் கோப்பைத்தான். எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், அதற்கு முன் என்ன இருந்தது என்று. ஊருக்கும் அப்படி ஒரு லாக் இருக்குமே, தேடிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் குறிப்பு. தேடப் போனது ஒரு கால்வாயை. ஆனால் அதைவிடப் பெரிய ஒரு ஓட்டை கண்ணில் பட்டது.

தண்ணீர் போன வழி

முதலில், வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். செட்டிநாடு வறண்ட பூமி. பெரிய ஆறு எதுவும் கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் குடிக்கத் தண்ணீர். அதனால் வீடு கட்டும்போதே தண்ணீருக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள். நாட்டோட்டுக் கூரை நாலு பக்கமும் முற்றத்தைப் பார்த்துச் சரியும். கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கும். கொஞ்சம் அண்டாவுக்கும் கிணற்றுக்கும் போகும். மிச்சம் வீட்டுக்கு அடியில் ஓடும் தூம்பு வழியாகத் தெருவுக்கு வரும். நேர்நேராகப் போட்ட தெருக்கள் சரிவுக்குத் தக்கபடி அதை வரத்துக்காலில் சேர்க்கும். வரத்துக்கால் ஊருணியில் போய் விழும். நாலு பக்கமும் கல் படி கட்டிய ஊருணிதான் ஊரின் தொட்டி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒரு பக்கம் ஊருணி காயும், இன்னொரு பக்கம் தெரு மிதக்கும். எங்கள் தெருவில் நடந்தது இரண்டும்தான்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதியை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றித்தான் பேசினார்கள். எனக்கென்னவோ தூணைவிடத் தூம்புதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது. தூணைப் பெயர்த்துப் பழம்பொருள் கடையில் விற்கலாம். தூம்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதை மூடத்தான் முடியும்.

எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம்?

வரத்துக்கால் பற்றி ஒரு அரசு அலுவலகத்தில் எழுதிக் கேட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, அந்தக் காலத்து ஆவணங்கள் தங்களிடம் இல்லை என்று ஒரு வரிப் பதில். அவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஊரின் நிர்வாக வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். காரைக்குடி அதில் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாவட்டத்தின் தலைமையிடம் வெகுகாலம் மதுரையிலேயே இருந்தது. 1928-ல் காரைக்குடி நகராட்சி ஆனது. 1985-ல் இராமநாதபுரத்தைப் பிரித்துச் சிவகங்கை மாவட்டம் வந்தது. 2024-ல் பக்கத்துக் கோட்டையூர், கண்டனூர் முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டு காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அலமாரிகள் இடம் மாறும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு மூட்டைக் காகிதம் 'இனி தேவைப்படாது' என்ற பக்கத்தில் போய்ச் சேரும். டேட்டாபேஸ் மாற்றும் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்குப் போகும்போதுதான் பாதித் தகவல் காணாமல் போகும். யாரும் அழிப்பதில்லை. யாரும் எடுத்து வைப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, அரசாங்கத்தின் காகிதம் இல்லை. ஊரே அச்சடித்த காகிதம்?

பத்திரிகை நடத்திய ஊர்

இன்றைக்குக் காரைக்குடி என்றால் சாப்பாடு, வீடு, சினிமா ஷூட்டிங். நூறு வருஷம் முன்னால் இது பத்திரிகை நடத்திய ஊர். 1917-ல் இங்கே இந்து மதாபிமான சங்கம் ஆரம்பித்தார்கள். பேர் மதத்தைச் சொன்னாலும், ஊர்ப் படிப்பாளிகள் கூடி வாசித்துப் பேசிய இடம் அது. 1919 நவம்பரில் பாரதியார் வந்தார். சங்கத்தாருடன் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. பாரதியின் உண்மையான முகம் இதுதான் என்று நாம் காட்டக்கூடிய படங்களே விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதில் காரைக்குடிக்கும் பங்கு உண்டு. யாரோ ஒருத்தர் அன்றைக்குப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார், யாரோ ஒருத்தர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

1920-ல் 'தன வைசிய ஊழியன்' வந்தது. நகரத்தார் சமூகத்தைத் திருத்தும் நோக்கத்தில் ஆரம்பித்த பத்திரிகை, பிறகு 'ஊழியன்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு பொதுப் பத்திரிகையானது. ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராக நெடுநாள் இருந்தார். புதுமைப்பித்தனே கொஞ்ச காலம் காரைக்குடிக்கு வந்து அதில் வேலை பார்த்திருக்கிறார். 1922-ல் சொ. முருகப்பா 'குமரன்' தொடங்கினார். விதவை மறுமணத்தைப் பேசியதோடு நிற்காமல் 1929-ல் அவரே மரகதவல்லி அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். 1936-ல் இதே வட்டாரத்திலிருந்து 'மாதர் மறுமணம்' என்றே ஒரு பத்திரிகை வந்தது, ஆசிரியர் மரகதவல்லி. இன்றைக்கு ஒரு மாநகராட்சிக்குக்கூட அப்படித் தனக்கென்று பத்திரிகைகள் கிடையாது. அன்று ஊர் நகராட்சி ஆவதற்கு முன்பே அவற்றில் இரண்டு தொடங்கிவிட்டன.

பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணம், அச்சுக்கூடம், வட்டிக்கடைக் கணக்கில் பழகிய படிப்பு இவ்வளவும் இருந்ததால் இது நடந்தது. எல்லோருக்கும் இதில் இடம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பத்திரிகையில் பேசியவர்கள் பெரும்பாலும் மாளிகைக்காரர்கள். கல் சுமந்தவர், தூம்பு தோண்டியவர், ஊருணித் தண்ணீரைத் தொட விடாமல் விரட்டப்பட்டவர் பேசியது அதிலே குறைவுதான். ஆனாலும் ஊர் தன்னைப் பற்றித் தானே வாதம் பண்ணிக்கொண்டது, அதை அச்சிலும் ஏற்றியது.

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டைச் சுற்றி வந்தார். இங்கே ஒரு பொதுக் கூட்டத்தில் அவர் பேசியதைப் படித்தால் இப்போதும் சிரிப்பு வரும். உங்கள் மாளிகைகள் வெளிநாட்டுச் சாமான்களால் மூச்சுத் திணறுகின்றன, எனக்குக் காண்டிராக்ட் கொடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட அழகாகவும் காற்றோட்டமாகவும் செய்து தருகிறேன் என்கிற பொருளில் பேசியிருக்கிறார். வணிகர்களிடம் வணிகர் குலத்தில் பிறந்தவர் பேசிய பேச்சு. அவர் சொன்னது அவருடைய தொகுப்பு நூல்களில் பத்திரமாக இருக்கிறது. கேட்டவர்கள் மறுநாள் என்ன பேசிக்கொண்டார்கள், கோபப்பட்டார்களா, யாராவது ஒரு நாற்காலியையாவது வெளியே எடுத்தார்களா என்பதற்கு உள்ளூர்க் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர் பேசியது டெல்லியிலும் கிடைக்கும். ஊர் பேசியது ஊரில்தான் கிடைக்க வேண்டும்.

கிடைக்கிறதா? கோட்டையூரில் ஒரு மனிதர் இருந்ததால் கொஞ்சமாவது கிடைக்கிறது.

போர்டு எழுதியவர்

கோட்டையூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். இப்போது அதுவும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. வள்ளல் அழகப்பர் 1909-ல் பிறந்த ஊர். காந்தி பற்றி ஆவணப்படம் எடுத்த ஏ.கே. செட்டியார் 1911-ல் பிறந்த ஊர். அழகப்பர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏ.கே. செட்டியாரின் 'குமரி மலர்' ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் ரோஜா முத்தையா. அவர் பெயரைக் கோட்டையூர்க்காரப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன், தெரியவில்லை.

ரோஜா முத்தையா தொழிலில் பெயர்ப்பலகை ஓவியர். கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். பேராசிரியர் இல்லை, நூலகர் இல்லை, பெரிய பணக்காரரும் இல்லை. 1950 வாக்கில் சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் தமிழ்ப் புத்தகம் வாங்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கோட்டையூர் வீடு முழுக்கக் காகிதம். 1992-ல் அவர் காலமானபோது சேர்ந்திருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. அதில் பாதி புத்தகம். மிச்சம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கைப்பிரதி விளம்பரம், கடிதம், வெட்டி ஒட்டிய செய்தித் துணுக்குகள். மற்றவர்கள் படித்துவிட்டுக் கசக்கிப் போட்டதை அவர் பொருள்வாரியாகப் பிரித்து வைத்தார். ஆராய்ச்சியாளர்கள் எழுதிக் கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பார். எழுத்தாளர் அம்பை, அதாவது ஆய்வாளர் சி.எஸ். லட்சுமி, தன் ஆராய்ச்சிக்கு அந்த வீட்டைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர்.

அவர் போன பிறகு அது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டைப் பிரிக்கும்போது தூண், கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே போகும், நல்ல விலைக்கும் போகும். காகிதம் மட்டும் அங்கே போகாது. அது எடைக்குப் போகும். ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றவில்லை, தமிழ்நாட்டிலேயே வைத்தது. சென்னை முகப்பேரில் ஒரு கட்டடத்தில் பட்டியல் போட்டு, மைக்ரோபிலிம் எடுத்து, 1996-ல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார்கள். இப்போது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது.

1996 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' ஆரம்பித்ததும் அதே ஆண்டுதான். இணையப் பக்கங்கள் அழிவதற்கு முன்னால் பிரதி எடுத்து வைப்பது அவர்கள் வேலை. அங்கே இயந்திரம் செய்ததைக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் நாற்பது வருஷம் கையால் செய்திருந்தார்.

இவ்வளவும் இருந்தும் எவ்வளவோ போய்விட்டது. ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் அலைந்து, 1940-ல் வெளியிட்ட காந்தி படத்தின் மூலத் தமிழ் வடிவமே இன்று நம் கையில் இல்லை. பின்னால் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்த ஒரு வடிவம்தான் வெகுகாலம் கழித்து அங்கிருந்து கண்டெடுக்கப்பட்டது. அவ்வளவு புகழ்பெற்ற படத்துக்கே இந்தக் கதி என்றால், எங்கள் தெரு வரத்துக்காலை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆச்சி வீட்டு ட்ரங்குப் பெட்டி

ரோஜா முத்தையாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. அவர் சேர்த்த மாதிரிக் காகிதம் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? ஆச்சியிடம் கேட்டேன். "கெடக்குப்பா ஒரு பெட்டி. தீவாளிக்கு முன்னாடியே பேப்பர்காரருக்குப் போடச் சொன்னேன், மழையில அவரு வரல" என்றார். மழை கெடுதல் மட்டும் செய்யவில்லை.

பெட்டியில் மொய் நோட்டு நாலு, கல்யாணப் பத்திரிகைகள், ரங்கூன் தபால் முத்திரையோடு சில கவர்கள், வரி ரசீதுகள். அடியில் பழுப்பேறிய ஒரு நோட்டீஸ். பக்கத்துக் கோவில் திருப்பணிக் கணக்கு. வரவு செலவை அச்சடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். செலவுப் பக்கத்தில் ஏழாவது வரி, ஊருணி வரத்துக்கால் தூர் எடுத்த கூலி. எந்த வீதியின் பின்புறமிருந்து எந்தக் கரை வரைக்கும் என்றும் போட்டிருந்தது. அந்த வீதி எங்கள் தெரு.

எப்போது? கிறிஸ்தவ ஆண்டு போடவில்லை. 'ஹேவிளம்பி வருஷம் பங்குனி மாதம்' என்று மட்டும் இருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும். ஹேவிளம்பி 2017-லும் வந்தது, 1957-லும் வந்தது, 1897-லும் வந்தது. காகிதத்தைப் பார்த்தால் 2017 இல்லை. மிச்சம் இரண்டில் எது? கணக்குதான் காட்டிக் கொடுத்தது. தொகையெல்லாம் ரூபாய், 'ந.பை.' என்று போட்டிருந்தது. ந.பை. என்றால் நயா பைசா. அணாவை எடுத்துவிட்டு நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அப்படியானால் இந்தப் பங்குனி 1958 மார்ச், ஏப்ரல். அன்றைக்கு அங்கே ஒரு வரத்துக்கால் இருந்திருக்கிறது. கூலி கொடுத்துத் தூர் எடுத்திருக்கிறார்கள். அதைப் பொதுச்செலவாகக் கணக்கும் காட்டியிருக்கிறார்கள்.

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். "அட!" என்று இருபது பேர். வரத்துக்காலே கிடையாது என்று சொன்னவர், "அப்ப சரி, எப்ப மூடினாங்கன்னு பாக்கணும்" என்று இறங்கி வந்தார். அதைப் பார்த்து, இதுவரை வாயே திறக்காத மூன்று பேர் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஒருத்தர் எந்த வருஷம் முதல் வீடு வந்தது என்பதை நினைவுபடுத்தி ஆறு நிமிஷம் பேசினார். இன்னொருத்தர் கால்வாயில் இருந்த சின்னக் கல்பாலத்தைச் சொன்னார். அது இப்போது யார் வீட்டு வாசற்படியாக இருக்கிறது என்றும் சொன்னார். அற்புதமான சாட்சியங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மனு எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸ் வேலை நெருக்கியது. தை போய் மாசியும் வந்தபிறகுதான் உட்கார்ந்தேன்.

குழுவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. 140 மெசேஜ் சண்டையும் இல்லை, ஆறு நிமிஷப் பேச்சும் இல்லை. அரசியல் சண்டை அதிகமாகிறது என்று குழு நிர்வாகி, மெசேஜ்கள் 90 நாளில் தானாக மறைகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தாராம். நிறுவனத்தின் சர்வரில் இருக்காதா என்று சிலர் கேட்டார்கள். இருக்காது. செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து நீக்கிவிடுவதுதான் அதன் அமைப்பு. அந்தரங்கத்துக்கு அது நல்லதும்கூட. ஆறு நிமிஷம் பேசியவர் மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். போனில் கூப்பிட்டால், "அன்னிக்கு ஏதோ ஞாபகம் வந்துச்சு தம்பி, இப்ப கோர்வையா வரமாட்டேங்குது" என்றார்.

1958-ல் அச்சடித்த ஒரு தாள், பூச்சிக்கும் மழைக்கும் பேப்பர்காரருக்கும் தப்பி என் கைக்கு வந்துவிட்டது. போன ஐப்பசியில் பேசிய பேச்சு மாசி வரைக்கும் தாக்குப் பிடிக்கவில்லை.

நாம் எதை விட்டுவிட்டுப் போகிறோம்?

இன்றைக்கு ஊர்ப் பிரச்சினை எங்கே பேசப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். குடிதண்ணீர் எந்த நாள் வரும், குப்பை வண்டி ஏன் வரவில்லை, எந்தத் தெரு விளக்கு எரியவில்லை, எந்த ஊருணிக் கரையில் யார் மண் கொட்டுகிறார்கள் எல்லாமே வாட்ஸ்அப் குழுவிலும் ஸ்டேட்டஸிலும்தான். தினசரிகளின் மாவட்டப் பக்கத்தில் வருவது அதில் நூறில் ஒன்று இருக்கும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் வழக்கம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் கூட்டத்தில் யார் என்ன கேட்டார் என்பது பெரும்பாலும் அன்றைய ஸ்டேட்டஸ் படத்தோடு முடிந்துவிடுகிறது. ஸ்டேட்டஸின் ஆயுசு 24 மணி நேரம்.

பேச்சு குறைந்துவிட்டது என்று நான் புலம்பவில்லை. உண்மையில் கூடியிருக்கிறது. 1920-களில் பத்திரிகையில் எழுத இடம் கிடைக்காதவர்கள் இன்று பேசுகிறார்கள். எங்கள் குழுவில் கல்பாலத்தைச் சொன்னவர் கொத்தனார் வேலை பார்த்தவர். 'ஊழியன்' காலத்தில் அவர் தாத்தாவின் சாட்சியம் அச்சில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம். அதனால்தான் இழப்பு இன்னும் அதிகமாக உறைக்கிறது. முதல் தடவையாக எல்லோரும் பேசுகிற காலத்தில், பேசியது எதுவும் தங்காத இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஆர்குட் 2014-ல் மூடியது, யாஹூ குழுமங்கள் 2020-ல் மூடின. அவற்றில் தமிழர்கள் எழுதியது எவ்வளவு என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இன்று கேட்டால் காட்ட முடியாது.

ஊர் நினைவு இல்லாவிட்டால் நஷ்டம் வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கால்வாய் மேல் மனை போடுகிறவருக்கு அது லாபம். 'இங்கே எதுவுமே இருந்ததில்லை' என்று சொல்ல ஆதாரம் தேவையில்லை. 'இருந்தது' என்று சொல்கிறவர்தான் காகிதம் காட்ட வேண்டும்.

இதற்கு ரோஜா முத்தையா அளவுக்கு வாழ்க்கையையே கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஈழத்தில் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த வலியிலிருந்து வந்தவர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். புத்தகம் மட்டும் இல்லை, நினைவு மலர், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் வரை வருடி ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. எரிந்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. நமக்கு எரியவில்லை, எடைக்குத்தான் போடுகிறோம். அதனால் உறைக்கவில்லை போல.

நான் செய்ய ஆரம்பித்திருப்பது சின்ன வேலை. குழுவில் ஊர்ச் சங்கதி ஏதாவது வந்தால், சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு, அதை எழுத்தாக்கித் தேதியோடு ஒரு கோப்பில் சேர்க்கிறேன். அரட்டையையும் சொந்த விஷயங்களையும் தொடுவதில்லை. வாய்ஸ் மெசேஜை எழுதி எடுப்பதுதான் பெரிய வேலை. மாதக் கடைசியில் இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றை ஆச்சி வீட்டு ட்ரங்குப் பெட்டியிலேயே போடுகிறேன். ஆச்சிக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது. "எடைக்குப் போடச் சொன்னா நீ எடை ஏத்துறியேப்பா" என்கிறார். பெட்டியில் இருந்ததையெல்லாம் வருடி முடித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். மொய் நோட்டு, வரி ரசீது, கோவில் நோட்டீஸ், சங்க ஆண்டறிக்கை இவற்றைத் தனியாக எடுங்கள். போனில் படம் எடுத்தால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள், பல நேரம் விஷயம் அங்கேதான் இருக்கும். எந்த ஊர், யார் வீட்டுப் பரண், என்றைக்கு எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்களே நோட்டீஸ் அடிக்கிறவராக இருந்தால், தயவுசெய்து ஆங்கில ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். அறுபது வருஷம் கழித்து ஒருத்தர் நயா பைசாவை வைத்துத் துப்பறிய வேண்டியிருக்காது.

கடைசியாக, வரத்துக்கால் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நோட்டீஸின் ஜெராக்ஸ், நினைவில் மிஞ்சியதை எழுதிக் கையெழுத்துப் போட்ட நாலு பேர் கடிதம், கல்பாலத்தின் போட்டோ மூன்றையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. நில அளவை செய்வோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஐப்பசிக்குள் நடந்தால் நல்லது. ஒப்புகைச் சீட்டையும் வருடி, தேதி போட்டு, பெட்டியில் வைத்துவிட்டேன்.